அப்பனா, தாய்மாமனா?

அன்று காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு வந்த எல்லோருடைய வாயிலும் சீனி இனித்தது. சிவலிங்கம் ஒரு தகர டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள், கவ்வாத்து வெட்டப் போகிற ஆண்கள், பெயர் பதிய வந்த கணக்கப்பிள்ளை என்று ஒருவரையும் விடாமல் ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுத்துக்கொண்டிருந்தான். விடியும் நேரத்தில் அவனுக்கு மகள் பிறந்திருந்தாள். இரத்தோட்டைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை பிறப்பது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால், அந்த மலையில் இதுவரை யாருக்குமே பிள்ளை பிறந்ததில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும்.

"பொம்பளப் புள்ளைக்கே இந்தக் குதி குதிக்கிறியே, பையனாப் பொறந்திருந்தா என்னா பண்ணியிருப்ப?" என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

"இதே சீனிதான் குடுத்திருப்பேன் அக்கா. மூக்கப் போய்ப் பாருங்க, அப்படியே என் மூக்கு" என்றான் அவன். மருத்துவச்சி பிள்ளையைத் துணியில் சுற்றி ஒரு நிமிடம் காட்டிவிட்டு உள்ளே கொண்டுபோயிருந்தாள். அதற்குள் மூக்கை எப்படிப் பார்த்தான் என்று யாரும் கேட்கவில்லை.

கணபதிக் கங்காணி சீனியை வாயில் போட்ட கையோடு பிள்ளைக்கு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார். "ஒன் அக்கா மகன் இருக்கான்ல, அவனுக்குத்தான் இவ. மொறை அதுதான். இப்பவே சொல்லிப்புட்டேன், பொறகு மாத்திப் பேசக் கூடாது." சிவலிங்கத்தின் அப்பாவுக்கு அவர் பெரியப்பா மகன், ஆகவே இவனுக்குப் பெரியப்பா. தோட்டத்தில் யாருக்கு யார் என்ன முறை என்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கலியாணமோ கருமாதியோ, அவர் வாய் திறந்து முறை சொன்ன பிறகுதான் காரியம் நடக்கும். தாய் தகப்பன் இல்லாத சிவலிங்கத்துக்கு அத்தை மகள் கமலாட்சியைக் கட்டிவைத்ததும் அவர்தான். அசல் முறைப்பெண்ணைக் கட்டியவன் என்று சிவலிங்கத்துக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

டப்பாவில் சீனி தீர்வதற்கு முன்பே கமலாட்சியைப் பெற்ற அத்தை இலட்சுமி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். "ரத்தம் நிக்க மாட்டேங்குது தம்பி! மருந்துக்கார ஐயா ஒடனே மாத்தளைக்குக் கொண்டு போகச் சொல்லுறாரு" என்று கத்தினாள். சிவலிங்கத்தின் கையிலிருந்து டப்பா விழுந்தது. ஸ்டோருக்கு முன்னால் நின்ற தோட்டத்து லொறியில் ஏற்றியிருந்த தேயிலைப் பெட்டிகளை, யாரையும் கேட்காமல் டிரைவர் பதுர்தீனே இறக்கிவைத்தார். பாயை விரித்துக் கமலாட்சியைப் படுக்க வைத்தார்கள். அத்தையும் மாமன் இராமசாமியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். கணபதிக் கங்காணியும், சிவலிங்கத்தின் பங்காளிகள் இரண்டு பேரும் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். பிள்ளையை அவன் கையில் கொடுத்தார்கள்.

மகளை அவன் முதன்முதலாகக் கையில் வாங்கியது அப்படித்தான். வளைவுக்கு வளைவு லொறி ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு கையால் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, மறு கையால் லொறியின் பலகையைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவியின் முகத்தையே பார்த்தான். பாயில் சிவப்பு பரவிக்கொண்டே வந்தது. "கமலா, கண்ணை மூடாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எப்போதோ ஒருமுறை கீழே குனிந்தபோது, பிள்ளை அவனுடைய சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்குவதைப் பார்த்தான். அந்த நேரத்திலும் அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்ததற்காக அவன்மேலேயே அவனுக்குக் கோபம் வந்தது.

மாத்தளை ஆஸ்பத்திரியில் காத்திருக்க வைக்கவில்லை. தள்ளுவண்டியில் நேரே உள்ளே கொண்டுபோனார்கள். வெளி விறாந்தையில் போட்டிருந்த நீண்ட வாங்கில் இவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்து டொக்டர் வெளியே வந்தார். சிங்களவர், வாலிபர். எங்கே வலி, எத்தனை நாள், வாயைத் திற, பயப்படாதே என்ற அளவுக்குத் தமிழ் பழகியிருந்தார்.

"ரத்தம் நிப்பாட்டியாச்சு. ஆனா, ஒடம்புல ரத்தம் இல்ல. இங்க இருந்த போத்தல் ஏத்துறோம். அது பத்தாது. கண்டியில இருந்து வரணும், பொழுது சாயும். அதுவரைக்கும் அவ தாங்க மாட்டா. சொந்தக்காரங்க எல்லாம் வாங்க, செக் பண்ணணும்" என்றார்.

ஊசி என்றதும் பங்காளிகளில் ஒருவன் வெற்றிலை வாங்கப் போனான். அவனைத் தேடிக்கொண்டு மற்றவன் போனான். இரண்டு பேரும் அன்று முழுவதும் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவில்லை. கங்காணி தன் வயதைச் சொல்லி ஒதுங்கினார். மற்றவர்கள் சோதனைக்கு விரலை நீட்டினார்கள். யாரும் கூப்பிடாமல் பதுர்தீனும் வந்து, "என்னயும் பாருங்க டொக்டர், நல்லா சாப்புடுற ஒடம்பு" என்று கையை நீட்டினார்.

பதுர்தீனின் இரத்தம் சேரவில்லை. அத்தையின் இரத்தமும் சேரவில்லை. இராமசாமியின் இரத்தம் சேர்ந்தது. ஆனால் மலேரியாவில் அடிபட்டு அடிபட்டு வெளுத்துப்போன உடம்பு அது. கண் மடலை இழுத்துப் பார்த்த டொக்டர், "தாத்தா, ஒங்களுக்கே ஏத்தணும்" என்று சொல்லித் தோளில் தட்டி அனுப்பிவிட்டார். மிச்சம் இருந்தது சிவலிங்கம். அவனுடைய இரத்தம் அச்சாகப் பொருந்தியது.

"ஒரே ஆள்தான். புருஷன். வா" என்றார் டொக்டர்.

சிவலிங்கம் சட்டென்று எழுந்துவிட்டான். அப்படியே உள்ளே போயிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

"நில்லுடா!" என்றார் கணபதிக் கங்காணி. "எங்க போற? நீ குடுக்கக் கூடாது."

"என்னா பெரியப்பா சொல்லுறீங்க? அவ சாகக் கெடக்குறா."

"அதனாலதான் யோசிச்சுச் செய்யணுங்குறேன். ஒன் ரத்தம் அவ ஒடம்புல ஓடினா அவ ஒனக்கு யாரு? ஒரே ரத்தம் ஓடுறவங்களுக்கு என்னா பேரு? கூடப் பொறந்தவங்க! பொண்டாட்டியத் தங்கச்சியாக்கிட்டு, அவ கூடவே குடும்பம் நடத்தப் போறியா? இராமசாமி குடுக்கலாம், பெத்தவன். பதுர்தீன் குடுத்திருக்கலாம். அவளுக்கு ஒரு அண்ணன், ஒனக்கு ஒரு மச்சான், தோஷமில்ல. நீ கைய நீட்டினா மொறை கெட்டுப் போயிரும்."

பதுர்தீனுக்குக் கோபம் வந்தது. "என்ன கங்காணி, பேச்சுக்கு நேரமா இது? புள்ள பெத்தவ மவுத்தாகப் போறா. டொக்டருக்குத் தெரியாததா?"

"டாக்குத்தருக்கு ஊசி போடத் தெரியும், பதுர்தீன் நானா. எங்க மொறை அவருக்கு எப்படித் தெரியும்?"

இலட்சுமி வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதாள். கங்காணி அவள் பக்கம் திரும்பினார். அவர் கெட்டவரில்லை. அவர் கண்ணிலும் நீர் இருந்தது. "தங்கச்சி, எனக்கு மட்டும் கமலா வேணாமா? வேற ஆளு பாப்போங்கிறேன். சிவலிங்கம், இந்தப் புள்ளயப் பாரு. அவ ஒனக்குத் தங்கச்சியானா, இந்தப் புள்ளைக்கு நீ யாருடா? ஆத்தாளோட கூடப் பொறந்தவன் யாரு? தாய்மாமன்! பொறந்த அன்னிக்கே இந்தப் புள்ள அப்பன் இல்லாததாப் போகணுமா?"

கேட்டால் சிரிப்பு வரும் பேச்சுத்தான். ஆனால் அந்த வாங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. காது குத்த யார் மடி, பரிசம் போட யார் கை, கொள்ளி வைக்க யார் தோள் என்று எல்லாவற்றையும் முறை பார்த்தே நடத்தி வந்த சனங்கள் அவர்கள். கடல் கடந்து வந்தபோது கையில் ஒன்றும் கொண்டுவராதவர்கள், முறையை மட்டும் ஒன்று விடாமல் கொண்டுவந்திருந்தார்கள். அந்த முறைக்குள் ஆஸ்பத்திரிப் போத்தலை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

சிவலிங்கம் மகளைப் பார்த்தான். அவள் கொட்டாவி விட்டாள். காலையில்தான் அப்பன் ஆனான். அதற்குள்ளே தாய்மாமனா?

டொக்டர் மறுபடி கதவைத் திறந்தார். "ஏன் இன்னும் வரல்ல?"

"ஐயா, நான் குடுத்தா... மொறை என்னாங்கய்யா ஆகும்?" என்று சிவலிங்கம் பிள்ளையை அணைத்துக்கொண்டே கேட்டான்.

டொக்டருக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். மருந்து வாங்க வரிசையில் நிற்கிறவர்கள் என் முறை, உன் முறை என்று அடித்துக்கொள்வதைத் தினமும் கேட்கிறவர் அவர். இவன் வரிசையைப் பற்றிக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டு, "மொறயா? இப்ப ஒன் மொறதான்! வா, வா" என்றார்.

கங்காணி தலையில் அடித்துக்கொண்டார். "கேட்டியா? ஒன் மொறைதான் போகும்னு டாக்குத்தரே சொல்லிப்புட்டாரு!"

அவ்வளவுதான். சிவலிங்கம் பின்வாங்கினான். "கொஞ்சம் பொறுங்கய்யா, வேற ஆளு கூட்டியாறேன்" என்று சொல்லி, பிள்ளையை அத்தையின் மடியில் போட்டுவிட்டு வெளியே ஓடினான். பின்னால் டொக்டர் சத்தம் போட்டது அவன் காதில் விழவில்லை.

மாத்தளைக் கடைத்தெருவில் அன்று வெயில் கொளுத்தியது. பஸ் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், "அண்ணே, எம் பொண்டாட்டிக்கு ரத்தம் வேணும், கொஞ்சம் வாங்கண்ணே" என்றான். அவர் பயந்துபோய் மூட்டையோடு விலகினார். தேத்தண்ணிக் கடை முதலாளியிடம் கேட்டான். புடைவைக் கடை வாசலில் நின்ற இளவட்டங்களிடம் கேட்டான். "நல்ல ஒடம்புதானே ஒனக்கு, நீ ஏன் குடுக்கல்ல?" என்று ஒருவன் திருப்பிக் கேட்டான். சிவலிங்கம் அடுத்த கடைக்கு நகர்ந்தான். ஒரு பெரியவர் இவன் சொன்னதைச் சரியாகக் கேட்காமல், பாவம், பசிக்குக் கேட்கிறான் என்று நினைத்து, மடியிலிருந்து சில்லறையை எடுத்து அவன் கையில் அழுத்திவிட்டுப் போனார். சிவலிங்கம் நடுத்தெருவில் அந்தச் சில்லறையைப் பார்த்தபடி நின்றான். பிச்சைக்காரனாக நின்றதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. கேட்டது கிடைக்கவில்லையே என்றுதான் அழுதான். அழுதுகொண்டே திரும்பி ஓடினான்.

விறாந்தையில் நேர்ஸ் அவனைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினாள். சிங்களத்தில் திட்டினாள். அவனுக்கு அது முழுவதும் புரிந்தது. கடைசியில் அவன் கையைப் பிடித்து இழுத்து, கதவுக்குள் நிறுத்தி, "பார், பார்த்துக்கொள்" என்று காட்டினாள்.

கமலாட்சி கட்டிலில் கிடந்தாள். உதட்டுக்கும் கன்னத்துக்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லை. மூச்சு மேலுக்குத்தான் வந்துபோனது. நேற்று வரை கொழுந்துக் கூடையோடு மலை ஏறியவள், கண்ணைத் திறக்கவே பாடுபட்டாள். அவனைக் கண்டதும் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தான்.

"புள்ளைக்கு... பால் குடுத்தாங்களா?"

தனக்கு என்ன நடக்கிறது என்று அவள் கேட்கவில்லை. தாகம் என்று சொல்லவில்லை. சிவலிங்கம் நிமிர்ந்தான். கதவோரம் கங்காணி நின்றுகொண்டிருந்தார்.

"பெரியப்பா, நான் குடுக்கப் போறேன்."

"டேய், சொல்லுறதக் கேளு..."

"கேட்டேன். நீங்க சொன்னது அம்புட்டும் சரியாவே இருக்கட்டும். தங்கச்சியாப் போனாப் போகட்டும். நான் தாய்மாமனாவே இருந்துட்டுப் போறேன். எனக்குப் பொண்டாட்டி இல்லாட்டிப் பரவாயில்ல, அந்தப் புள்ளைக்கு ஆத்தா வேணும்."

அவன் கையை நீட்டிப் படுத்துவிட்டான். ஊசி ஏறியது. குழாயில் இரத்தம் இறங்குவதை அவன் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கணக்கை முடித்துக்கொண்டிருந்தான். இனி அவள் வேறு, நான் வேறு. லயத்து வீட்டில் பின் காம்பராவை அவளுக்கு விட்டுக் கொடுத்துவிட வேண்டியது. பிள்ளைக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைக்க வேண்டியவன் நான்தான். பெரியவளானால் சீர் வரிசை செய்ய வேண்டியவனும் நான்தான். அப்பா என்று மட்டும் அவள் கூப்பிட மாட்டாள். இதை நினைத்தபோது அவன் உடம்பு குலுங்கியது. ஊசி வலிக்கிறதாக்கும் என்று நினைத்து, "பயப்படாத, பயப்படாத" என்றார் டொக்டர்.

அந்தப் போத்தல் ஏறியது. கண்டி வண்டி வரும்வரை கமலாட்சியின் உயிரை அது பிடித்து வைத்தது. பொழுது சாயும்போது அவள் கண் விழித்து, பிள்ளையைக் கேட்டு வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டாள். விறாந்தையில் பதுர்தீன், "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிச் சிவலிங்கத்தைக் கட்டிப்பிடித்தார். சிவலிங்கம் சிரித்தான், அழுதான். ஆனால் உள்ளே மட்டும் போகவில்லை.

அடுத்து வந்த நாட்களிலும் அப்படித்தான். வேலை முடிந்து பஸ் பிடித்து வருவான். சோற்றுப் பாத்திரத்தை அத்தையிடம் கொடுப்பான். கட்டிலின் கால்மாட்டில் தள்ளி நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே, "இப்ப எப்படி இருக்கு?" என்பான். பிள்ளையைக் கையில் வாங்கினால், யாருக்கும் கேட்காத குரலில், "மருமகளே" என்பான். உடனே கண் நிறைந்துவிடும். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். கமலாட்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண் பிள்ளை பிறந்ததால் வெறுப்போ, தான் நோயாளியாகக் கிடப்பதால் வெறுப்போ என்று தனக்குள்ளேயே புழுங்கினாள். கடைசியில் தாயைத் துளைத்துத் துளைத்துக் கேட்டாள். இலட்சுமி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சிவலிங்கத்தோடு கணபதிக் கங்காணியும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை. பரிகாரமும் கொண்டுவந்திருந்தார். "கமலா, பயப்படாத. யோசிச்சுப் பாத்தேன். இந்தத் தாலியக் கழட்டிக் கோயில்ல வச்சிட்டு, ஒரு வருஷம் ரெண்டு பேரும் தனித்தனியா இருங்க. ரத்தம் பழசாகி மாறிப்போயிரும். பொறகு புதுசா ஒரு தாலி கட்டிக்கலாம். மொறைக்கு மொறையும் ஆச்சு" என்றார்.

கமலாட்சி மெதுவாகத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை.

"மாமா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு நீங்க எல்லாரும் வெளிய மொறை பேசிக்கிட்டு இருந்தப்ப நான் செத்துப் போயிருந்தா, என்னைய என்னா மொறை சொல்லி அழுதிருப்பீங்க?"

கங்காணி தோடம்பழப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"எம் மருமகளேன்னு நீங்க அழுதிருப்பீங்க. எம் பொண்டாட்டியேன்னு இவரு நெஞ்சுல அடிச்சிருப்பாரு. பொணத்துக்கு மட்டும் மொறை கெடாம இருந்திருக்கும், இல்லையா மாமா? பொழைச்சதுதான் குத்தமாப் போச்சு." அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் விடவில்லை. சிவலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "இங்க பாருங்க. இந்தப் புள்ள யாரு ரத்தம்? ஒங்க ரத்தமும் என் ரத்தமும் சேந்துதானே இவ? பத்து மாசம் ஒங்க ரத்தத்த நான் வயித்துல வச்சிக்கிட்டு மலை ஏறினேன். அப்ப நான் ஒங்களுக்குத் தங்கச்சியா?"

சிவலிங்கம் அவளைப் பார்த்தான். அத்தனை நாளும் தரையைப் பார்த்தவன் அன்றுதான் அவள் முகத்தை முழுதாகப் பார்த்தான். கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது. அந்த நிறத்தில் ஒரு பங்கு தன்னுடையது என்று அவனுக்குத் தெரிந்தது. அதில் அசிங்கம் ஒன்றும் இல்லை. அன்று கடைத்தெருவில் வீணாக்கிய நேரத்தை நினைத்தபோதுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க அவள் இருந்திருக்க மாட்டாள்.

"பெரியப்பா" என்றான். "தாலி எல்லாம் கழட்ட வேணாம். மொறை பாக்க வேண்டிய எடத்துல பாருங்க, நான் ஒங்க பேச்சத் தட்டல. ஆனா ரத்தத்துக்கு மொறை கெடையாது. ஆளு உசுரோட இருந்தாத்தான் அவங்களுக்கு மொறையே இருக்கு. நாளைக்கு நம்ம தோட்டத்துல எவனாச்சும் இதே வாங்குல ஒக்காந்து மொறை பேசினா, நானே வந்து அவன் கையப் புடிச்சு உள்ள இழுத்துக்கிட்டுப் போவேன்."

கங்காணி தோடம்பழத்தைக் கட்டிலில் கமலாட்சியின் பக்கமாக வைத்தார். பிறகு, "நான் ஒன்னையக் கொல்லப் பாத்திருக்கேன் தாயி" என்று மட்டும் சொன்னார்.

தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. சிவலிங்கம் போய்த் தூக்கினான். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை. அந்த வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கவே சொன்னான்:

"அழாதடி மகளே, அப்பா வந்துட்டேன்."